அரிசிக்குள் வைத்த மெழுகுப் பெட்டி

ஏப்ரல் 6, திங்கள்

கோயமுத்தூர் பஸ் ஏறவேண்டியவள் ஊர் பஸ் ஏறி வந்துவிட்டேன். ஈரோட்டு பஸ் ஸ்டாண்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. நாளைக்கு மாரியாத்தா நோம்பிக்குக் கம்பம் நடுகிறார்கள், வீடு கழுவவில்லை, பாத்திரம் தேய்க்கவில்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பொங்கலுக்குக் கம்பெனியில் கொடுத்த இந்த டைரி மூன்று மாதமாக வெறுமையாகக் கிடந்தது. யாரிடமும் சொல்லமுடியாததை இதிலாவது சொல்லித் தொலைக்கலாம் என்று எடுத்தேன்.

வலது மார்க்காம்பில் ஒரு புண். போன வருஷம் தை மாதம் அரிப்பாக ஆரம்பித்தது. அப்புறம் பொருக்கு. பொருக்கு உதிர்ந்தால் ஈரம், சில நாள் ரவிக்கையில் துளி ரத்தம். மெடிக்கல்காரத் தம்பியிடம் முழங்கையில் படை என்று சொல்லி ஆயின்மென்ட் வாங்கிப் போட்டேன். ஆறுகிற மாதிரி ஆறி மறுபடி வரும். முழங்கைக்கு இத்தனை ட்யூப் வாங்கிய பொம்பளை இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். போன மாதம் பொருக்குக்கு அடியில் கெட்டியாக ஏதோ தட்டியது. அப்புறம்தான் ஈரோட்டு டாக்டரிடம் போனேன். அவர் மரத்துப்போக ஊசி போட்டு ஒரு துணுக்கு எடுத்து லேபுக்கு அனுப்பினார்.

இன்றைக்கு முடிவு. "சந்தேகத்துக்கு இடம் இருக்கு. பேஜட்டுன்னு ஒரு வகை கேன்சர். மார்பை எடுத்துடறது நல்லதும்மா. இருபத்தேழாம் தேதி பெட் போட்டுடறேன், தள்ளிப்போடாதீங்க" என்றார். கல்யாண மண்டபத்துக்குத் தேதி குறிப்பதுபோல் குறித்துக் கொடுத்தார்.

லேபில் சீட்டு வாங்கும்போது அங்கே வேலை பார்க்கும் ஆக்னஸ் என்கிற பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அக்கா, இந்த மாதிரிப் புண்ணுல கேன்சரும் இருக்கு, கெடுதல் இல்லாத கட்டியும் இருக்கு. வெளிய பார்த்தா ரெண்டும் ஒண்ணு மாதிரியேதான் இருக்கும். வெட்டறதுக்கு முன்னால இன்னொருத்தர் பார்க்கட்டும். கோயமுத்தூர்ல டாக்டர் பர்வீன்னு ஒருத்தங்க, சாயம் போட்டுப் பார்த்துச் சொல்லுவாங்க." ஒரு பிளாஸ்டிக் கவரைக் கையில் வைத்தாள். உள்ளே இரண்டு கண்ணாடித் தகடு. அதோடு தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு பெட்டி, அதில் வெள்ளை மெழுகு. மெழுகுக்கு நடுவே குருணை அளவில் ஏதோ தெரிந்தது. "அது நீங்கதாங்க்கா. தொலைச்சுடாதீங்க, இது ஒண்ணுதான் இருக்கு" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் என்னை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தேன். இந்த வீட்டில் அரிசியில் கை விடுகிற ஆள் நான் மட்டும்தான்.

ஏப்ரல் 7, செவ்வாய்

நாளை கழித்துக் கோயமுத்தூர் போய்விட்டு வரலாம் என்று திட்டம் போட்டிருந்தேன். மாரியாத்தா வேறு திட்டம் போட்டிருக்கிறாள்.

கம்பம் என்பது மூன்று கிளையாகப் பிரிந்த மரம். கோயில் முன்னால் நட்டுவிட்டால் நோம்பி முடியும்வரை அதுதான் மாரியாத்தாவுக்குப் புருஷன். பதினாறு நாள் கழித்துப் பிடுங்கி வாய்க்காலில் விட்டுவிடுவாள். கொடுத்துவைத்தவள். அந்தக் கம்பம் வெட்டி நடுகிற உரிமை ஊரில் நாலு வீட்டுக்கு, வருஷம் ஒரு வீடு. இந்த வருஷம் ராக்கியப்பன் வீட்டு முறை. இன்றைக்குக் காலையில் அவருடைய பெரியம்மா போய்ச் சேர்ந்துவிட்டது. தீட்டு. அடுத்த முறை எங்கள் வீடு. நாலு மணிக்கு வந்து சொன்னார்கள், ஆறு மணிக்கு என் வீட்டுக்காரர் கையில் மஞ்சள் காப்புக் கட்டியாகிவிட்டது. சென்னியப்பன் என்ற பெயருக்கு இன்றுதான் ஒரு களை வந்தது. போன முறை அவருடைய அப்பா கட்டினார்; அப்பா போனபின் இவர் கைக்கு வருகிற முதல் முறை. மனுஷன் கண் கலங்கி நின்றார்.

மற்ற ஊரார் பகலில் வெளியே போய்ப் பொழுது சாய்வதற்குள் வந்துவிடலாம். கம்ப வீட்டுக்காரர்களுக்கு அதுவும் கிடையாது. புருஷனும் பெண்டாட்டியும் வாய்க்கால் பாலத்தைத் தாண்டக்கூடாது. இருபத்து மூன்றாம் தேதி வியாழக்கிழமை கம்பம் பிடுங்குகிறவரைக்கும்.

பாலம் என் வீட்டு மொட்டைமாடியிலிருந்து தெரியும். சைக்கிளில் போனால் நாலு நிமிஷம்.

ஏப்ரல் 8, புதன்

தாளிக்கக்கூடாது. எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது. கடுகு வெடிக்கிற சத்தம் ஆத்தாளுக்கு ஆகாதாம். தாளிக்காத ரசம் வைத்தேன். அவர் நன்றாக இருக்கிறது என்றார். பொய்.

ஏப்ரல் 9, வியாழன்

கம்ப வீட்டுக்காரி தினமும் விடியக்காலையில் தலையோடு குளித்து, ஈரச் சேலையோடு மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் கொண்டுபோய்க் கம்பத்துக்கு முதல் குடம் ஊற்றவேண்டும். அப்புறம்தான் ஊர்ப் பெண்கள் ஊற்றுவார்கள். துணுக்கு எடுத்த இடத்தில் போட்ட தையல் நனையக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பஞ்சு வைத்து, அதன்மேல் பாலிதீன் கவரை வெட்டி வைத்து, அதன்மேல் உள்பாடி, அதன்மேல் கறுப்பு ரவிக்கை. குடத்தை இடது இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன். குனிந்து ஊற்றும்போது கவர் கரகரவென்று சத்தம் போட்டது. தப்பட்டைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

"எதுக்குடி கறுப்பு ரவிக்கை, நோம்பியும் அதுவுமா?" என்று சாவித்திரி அண்ணி கேட்டாள். என் வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்டாட்டி, பக்கத்து வீடு. எங்கள் வீட்டுக் கொடியில் என்ன காய்கிறது என்பது எனக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். மற்றதெல்லாம் நனைந்துவிட்டது என்றேன்.

அவரிடம் சொல்லிவிட்டால் என்ன? சொல்லமாட்டேன். சரோஜா அக்காவுக்கு ஆறு வருஷத்துக்கு முன்னால் இடது மார்பை எடுத்தார்கள். மாமா அவளைக் காங்கயத்தில் எங்கள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டு, ஒரு மாசத்தில் வந்து கூட்டிப்போகிறேன் என்றார். அம்மாவும் போய்ச் சேர்ந்தாயிற்று. அக்கா இன்னும் அங்கேதான் தனியாக இருக்கிறாள். அவளைப் போய்ப் பார்க்கவேண்டும் என்று நானும் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். பஸ் வசதி சரியில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

மில்லிலிருந்து புது அரிசி வந்தது. நான் கம்பெனியிலிருந்து வருவதற்குள் அவரே மூட்டையைப் பிரித்து டிரம்மில் கொட்டி வைத்திருந்தார். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் செய்யாத வேலை. காப்புக் கட்டினால் புத்தி வரும்போலிருக்கிறது.

ராத்திரிச் சோறு இறங்கவில்லை என்று எழுந்துவிட்டார். தாளிக்காத குழம்பை எத்தனை நாள்தான் தின்பார், பாவம்.

ஏப்ரல் 11, சனி

கம்பெனி பாலத்துக்கு இந்தப் பக்கம் இருப்பதால் வேலைக்குப் போகத் தடையில்லை. நான் துண்டு செக்கிங்கில் இருக்கிறேன். விளக்குப் போட்ட கண்ணாடி மேஜைமேல் துண்டை விரித்தால் இழை விட்டுப்போனது, நூல் இரட்டித்தது, ஓரத் தையல் அடிக்காமல் விட்டது எல்லாம் தெரிந்துவிடும். புதிதாக வந்த பிள்ளைகள் எண்ணெய்க் கறையைப் பார்த்துவிட்டு இழை அறுந்தது என்று கழித்துப் போட்டுவிடுவார்கள். கழித்ததை எல்லாம் நான் இன்னொரு தடவை விரித்துப் பார்ப்பேன். பாதி தேறும்.

சாப்பாட்டு வேளையில் டாக்டர் பர்வீனுக்கு போன் போட்டேன். சாயம் போட்டுப் பார்க்க வேலை நாள் அஞ்சு ஆகும் என்றார். விரலை மடக்கிப் பார்த்தேன். இருபதாம் தேதிக்குள் பெட்டி அங்கே போய்ச் சேரவேண்டும். அதற்குமேல் போனால் இருபத்தேழுக்குள் பதில் வராது. கொரியரில் அனுப்பலாமா என்றேன். "அனுப்பலாம். தொலைஞ்சா இன்னொண்ணு இல்ல, அதை யோசிச்சுக்குங்க. நீங்க வந்தா புண்ணையும் பார்த்துடுவேன்."

சாயங்காலம் கொரியர் கடைக்குப் போய் விசாரித்தேன். கடைக்காரர் என் வீட்டுக்காரருக்குப் பங்காளி முறை. "உள்ள என்ன பொருளுங்க்கா? எழுதோணும்" என்றார். என்னவென்று எழுதுவது? மாவு ஊற்றுகிற கரண்டி என்று வாயில் வந்தது. நாளைக்கு வருகிறேன் என்று திரும்பிவிட்டேன். கரண்டிக்கு யாராவது கொரியர் போடுவார்களா?

வீட்டில் அவர், "சாமி அலமாரிய நோம்பி முடியற வரைக்கும் நானே பார்த்துக்கறேன். நீ கை வெக்காத" என்றார். அந்த விளக்கு காப்புக் கட்டியதிலிருந்து அணையாமல் எரியவேண்டும். எண்ணெய் ஊற்றுகிற ஒரு வேலை குறைந்தது என்று சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை. மாவு புளிக்கவில்லை.

ஏப்ரல் 13, திங்கள்

காலையில் கிளம்பும்போது குடத்தைக் காணோம். அவர் இரண்டு சின்னச் சொம்பில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார். "கொடம் எதுக்கு, ஆத்தாளுக்குக் கணக்கா தெரியப்போவுது? வலக்கையத் தூக்கச் சிரமப்படறயே." சுளுக்கு என்றேன். "ம்" என்றார். கூடவே ஒரு பொட்டலம். உள்ளே அரக்குக் கலரில் ரவிக்கைத் துணி. கறுப்புக்கு ஊரில் பேச்சு வருகிறதாம். எனக்கு எரிச்சலாக வந்தது. ரவிக்கைத் துணி எடுக்க இந்த மனுஷனுக்கு எப்போது தெரிந்தது என்று நாலு வார்த்தை சத்தம் போட்டேன். கேட்டுக்கொண்டு நின்றார்.

மத்தியானம் கொரியரில் போட்டுவிடுவது என்று முடிவுசெய்து டிரம்மில் கை விட்டேன். கவர் இல்லை. தோள் வரைக்கும் விட்டேன். இல்லை. அரிசி முழுவதையும் பாயில் கொட்டிச் சலித்தேன். இல்லை.

போன வாரம் சாவித்திரி அண்ணி ஒரு படி அரிசி வாங்கிப் போயிருந்தாள். நேரே போய் நின்றேன். "என்ற டிரம்முல என்ன எடுத்தீங்க?" என்றேன். "அரிசிதான் எடுத்தேன். என்ன காணோம்?" "ஒண்ணுமில்ல." "ஒண்ணுமில்லாததுக்கா இந்தக் கத்துக் கத்தற?" வார்த்தை தடித்துவிட்டது. வாங்கிய அரிசியைத் திரும்பக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

பாலம் தெரிகிறது, தாண்ட முடியாது. இனி தாண்டித்தான் என்ன? கையில் கொண்டுபோக ஒன்றுமில்லை. இருபத்தேழாம் தேதி கட்டில் காத்திருக்கிறது. பயமாக இருக்கிறது. ஒரு வாரமாக எழுதாமல் வைத்திருந்ததை எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருஷப் பிறப்பு. பலகாரம் கிடையாது. ஓசூரிலிருந்து பையன் போனில் வாழ்த்துச் சொன்னான். நல்லா இருக்கியாம்மா என்றான். நல்லா இருக்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 15, புதன்

சாமி அலமாரியில் எண்ணெய் சிந்தி வழிந்திருந்தது. அவர் கோயிலுக்குப் போயிருந்தார். கை வைக்காதே என்று சொன்னது ஞாபகம் வந்தது. அதற்காக எறும்பு மொய்க்க விடமுடியுமா? துடைப்பதற்காக மாரியாத்தா படத்தை நகர்த்தினேன்.

படத்துக்குப் பின்னால் என் கவர். விளக்குக்குச் சாண் தூரம்கூட இல்லை. எட்டு நாளாக எரிகிற விளக்கு, சித்திரை வெயில், மொட்டைமாடிச் சூடு. மெழுகு இளகி ஒரு பக்கமாக வழிந்து கவரோடு ஒட்டியிருந்தது. குருணை இருந்த இடம் கோணிக்கொண்டு எங்கோ ஓரத்துக்குப் போயிருந்தது. கவரின்மேல் குங்குமம், ஒரு வேப்பிலை.

அவர் உள்ளே வந்தபோது நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். கையிலிருந்ததைப் பார்த்தார்.

"அரிசி கொட்டறப்பத் தட்டுப்பட்டுது" என்றார். "உன்ற பேரு எழுதியிருந்துது. மெடிக்கல்காரப் பையன்கிட்ட என்னன்னு கேட்டேன். ஒடம்புல இருந்து எடுத்த துண்டு, மெழுகுல வெச்சிருக்கறாங்கன்னான். உன்ற ஒடம்புல ஒரு துண்டு அரிசிக்குள்ள கெடக்கறதா? அதான் ஆத்தா காலடியில வெச்சேன்."

"உருகிப்போச்சுங்க. இதை வெச்சுத்தான் கேன்சரா இல்லையான்னு பார்க்கோணும். இது ஒண்ணுதான் இருந்துச்சு."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. கவரை வாங்கிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார், மறுபடி வாங்கினார். "நானே உருக்கிப்போட்டனா?" என்று என்னைக் கேட்டார்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்றேன்.

"போன ஐப்பசி மழையில துணி காயாம ஊட்டுக்குள்ளயே கொடி கட்டுனயே. ரவிக்கையில ஒரே எடத்துல கறை. நீயாச் சொல்லுவீன்னு இருந்தேன்."

ஆறு மாதம். ஆறு மாதமாக இந்த மனுஷன் நான் மறைப்பதை எனக்காகச் சேர்ந்து மறைத்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் கையில் கிடைத்த துடைக்கிற துணியை எறிந்தேன். ஏன் கேட்கவில்லை என்று அழுதேன். "கேட்டா உங்க அக்கா ஊட்டுக்குப் போயிருவீன்னு பயமா இருந்துது" என்றார். "நான் உங்க மாமன் இல்ல வசந்தா."

நான் அவரைப்பற்றிப் பயந்ததையே அவரும் என்னைப்பற்றிப் பயந்திருக்கிறார். எங்களைப்போல் ஒரு ஜோடி அமைவது கஷ்டம்.

"நாளைக்கு மொத பஸ்ஸுக்குப் போ. உருகுனதோ உடைஞ்சதோ, கொண்டுபோய்க் காட்டு" என்றார். காப்பு என்னாவது என்றேன். "நீ போ. கம்பத்துக்கு நான் ஊத்திக்கறேன்."

ஏப்ரல் 16, வியாழன்

ஐந்தே முக்கால் பஸ். பாலம் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை, பள்ளத்தில் பஸ் ஒரு குலுக்கு குலுக்கியதோடு சரி.

டாக்டர் பர்வீன் அறுபதைத் தொட்டவர், மூக்கு நுனியில் கண்ணாடி. கவரைப் பிரித்ததும், "இது என்னம்மா, குங்குமமெல்லாம் வெச்சிருக்கு?" என்றார். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், கம்பம் வரைக்கும். திட்டுவார் என்று பார்த்தேன். சிரித்துவிட்டார். "உங்க வீட்டுக்காரர் செஞ்சதை நாங்க தினமும் செய்யறோம். உருக்கி, துண்டைத் திருப்பி வெச்சு, மறுபடி மெழுகு ஊத்துவோம். துண்டு பத்திரமாத்தான் இருக்கு."

அப்புறம் ஈரோட்டுக் கண்ணாடித் தகட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். சிரிப்புப் போய்விட்டது. "இதைச் சாய்வா வெட்டியிருக்காங்க. துண்டு படுத்த மாதிரி இருந்திருக்கு. சாய்வா வெட்டினா ஒழுங்கான பால் குழாய்கூட உடைஞ்சு பரவின மாதிரி தெரியும். எப்படியும் உருக்கித்தான் ஆகணும். நிமிர்த்தி வெச்சு வெட்டறேன்."

சாயம் எதற்கு என்று கேட்டேன். பேப்பரில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். கெடுதல் இல்லாத கட்டி என்றால் ஒவ்வொரு குழாயிலும் உள்ளே ஒரு வரிசை, அதைச் சுற்றி வெளியே ஒரு வரிசை இருக்குமாம். பரவுகிற கேன்சரில் அந்த வெளி வரிசை காணாமல் போய்விடுமாம். வெளி வரிசை இருந்தால் சாயம் பிடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். பேஜட்டுக்கு வேறொரு சாயம், அதையும் போட்டுப் பார்ப்பாராம்.

"ஓரம் அடிச்சிருக்குதான்னு பார்க்கறீங்க" என்றேன்.

"என்ன வேலை பண்றீங்க?"

"துண்டு செக்கிங்குங்க."

"அதேதான். நானும் செக்கிங்தான்" என்றார். புண்ணையும் பார்த்தார். பதினாலு மாதத்தில் முதல் ஆளாக, முகம் சுளிக்காமல், தொட்டு, வெளிச்சம் அடித்துப் பார்த்தார். அடியில் இருக்கும் கட்டிதான் மேலே வந்து புண்ணாகியிருக்கலாம் என்றார். நல்லதா என்றேன். "சாயம் சொல்லட்டும். நான் முந்திக்கமாட்டேன்."

பொழுதிருக்கவே திரும்பினேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் முனையில் அவர் நின்றுகொண்டிருந்தார். கையில் காப்பு இல்லை.

ஏப்ரல் 17, வெள்ளி

நேற்றைக்குக் கோயிலில் நடந்ததை அவர் சொல்லவில்லை. சாவித்திரி அண்ணிதான் சொன்னாள், என்னோடு பேசக்கூடாது என்ற வைராக்கியத்தை விட்டுவிட்டு வந்து.

ஈர வேட்டியோடு இரண்டு சொம்பையும் தூக்கிக்கொண்டு பெண்களுக்கு நடுவே போய் நின்றாராம். "எங்கப்பா உன்ற ஊட்டுக்காரி?" என்று பூசை பண்ணும் பண்டாரம் கேட்டாராம். வீட்டுக்கு விலக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாரும் மறுபேச்சுப் பேசியிருக்கமாட்டார்கள். இவர், "கோயமுத்தூர் போயிருக்கறா. மார்ல புண்ணு. நல்லதா கெட்டதான்னு பார்க்கோணும்" என்றாராம். தப்பட்டை நின்றுவிட்டதாம்.

"கோயில் வாசல்ல பேசற பேச்சாப்பா இது?" என்று ஒரு பெரியவர் சத்தம் போட, இவர் அசையவில்லையாம். "ஆத்தாளே ஒடம்பு பூரா முத்துப் போட்டவ. அவகிட்டச் சொல்லாம வேற யார்கிட்டச் சொல்றது?" முதல் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் நகர்ந்தாராம். பத்து மணிக்கு ஊர்க்கூட்டம். கம்ப வீட்டுக்காரி எல்லை தாண்டியதால் காப்பை அவிழ்த்து அடுத்த முறைக்கார வீட்டுக்குக் கட்டிவிட்டார்கள்.

"என்கிட்டச் சொல்லியிருந்தா நான் கூட வந்திருப்பனேடி" என்றாள் அண்ணி. அரிசிப் படியை உள்ளே எடுத்து வைத்துவிட்டு அவளுக்குக் காப்பி போட்டேன்.

சாயங்காலம் அவரிடம், அவ்வளவு ஆசையாகக் கட்டிய காப்பாச்சே என்றேன். "கை லேசா இருக்குது" என்றார். இது தாளிக்காத ரசத்தைப் பற்றிச் சொன்னதைவிடப் பெரிய பொய். நான் திருத்தவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் என் வலது பக்கத்தைப் பார்த்தே பேசுகிறார்கள். முகம் மேலே இருக்கிறது என்று சொல்ல வாய்வரை வந்தது.

ஏப்ரல் 21, செவ்வாய்

போன் வரவில்லை. இன்றைக்கு நன்றாக இருந்த மூன்று துண்டைக் கழித்துப் போட்டுவிட்டேன். சூப்பர்வைசர் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்.

ஏப்ரல் 23, வியாழன்

கம்பம் பிடுங்கினார்கள். பிடுங்குவது எங்கள் வீட்டு வேலையாக இருந்திருக்கும். அவர் கூட்டத்தில் ஒரு ஆளாக, வாய்க்கால் கரையில் நின்று பார்த்தார். கம்பம் தண்ணீரில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பாலத்துக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டது.

ஏப்ரல் 25, சனி

பதினொரு மணிக்கு போன். "நேர்ல வாங்க. பயப்படாம வாங்க" என்றார் டாக்டர். பயப்படாமல் வா என்றால் யாருக்குத்தான் பயம் வராது? இரண்டு பேரும் போனோம். பஸ்ஸில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து சீட்டுப் பிள்ளை பார்த்துச் சிரித்தது.

டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். நீலத்துக்கு நடுவே வளையம் வளையமாக இருந்தது. ஒவ்வொரு வளையத்தைச் சுற்றியும் காவிக் கலரில் ஒரு கோடு. எங்கேயும் அறுபடவில்லை. நான் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தேன், இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

"ஓரம் அடிச்சிருக்குதுங்க" என்றேன்.

"அடிச்சிருக்கு. பேஜட்டும் இல்ல. காம்புக் குழாய்க்குள்ள வளர்ற கெடுதல் இல்லாத கட்டி, ரொம்ப அபூர்வம். பல பேருக்கு இதைக் கேன்சர்னு நெனச்சு மார்பையே எடுத்திருக்காங்க. உங்களுக்கு அந்தக் கட்டியை மட்டும் முழுசா எடுத்தாப் போதும். மிச்சம் விட்டா திரும்ப வரும், அதனால முழுசா. வருஷா வருஷம் பரிசோதனைக்கு வரணும்." ஈரோட்டு டாக்டருக்கு அவரே போன் செய்தார். கட்டில் ரத்தாகிவிட்டது.

வெளியே வந்தோம். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்கள் பார்க்க, வாய்விட்டு அழுதேன். அவர் ஓடிப்போய் மிளகாய் பஜ்ஜி வாங்கிவந்தார். பதினெட்டு நாளுக்கப்புறம் எண்ணெய்ப் பண்டம். அழுகையோடு நாலு தின்றேன்.

பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆபரேஷனுக்கு வேண்டுமாம். வீட்டில் அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். விளக்குக்கு எதிர் மூலையில் வைக்கச் சொன்னேன். அப்புறம் சட்டி வைத்துக் கடுகு போட்டேன். அந்தச் சத்தம் கேட்டு அண்ணி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "என்னடி ஆச்சு?" என்றாள். நல்ல சேதி என்று கத்தினேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

காங்கயத்துக்கு அரை மணிக்கொரு பஸ் இருக்கிறது. ஆறு வருஷமாகவே இருந்தது.

அவர் வருகிறேன் என்றார். வேண்டாம், நான் மட்டும் போகிறேன் என்றேன். அக்கா கதவைத் திறந்து, யாரோ வழி கேட்க வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். முடி எல்லாம் நரைத்துவிட்டது. உள்ளே வா என்று சொல்லாமல் வழி மட்டும் விட்டாள். ஏன் வரவில்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்கு பஸ் வசதியைத்தான் வைத்திருந்தேன்.

எனக்கு வந்ததைச் சொன்னேன். கம்பம், அரிசி, மெழுகு, சாயம் எல்லாவற்றையும். கேட்டு முடித்துவிட்டு, "எந்தப் பக்கம்?" என்றாள்.

"வலது."

"தப்பிச்சே. நல்லா இரு சாமி" என்றாள். அதில் பொறாமை துளிகூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா, உன்னைப் பார்த்தா எனக்கும் வந்துடும்னு பயந்துட்டுத்தான் நான் வரல" என்றேன். தலையாட்டினாள், ரொம்ப நாளாகவே தெரிந்ததுபோல். பிறகு நான் கேட்டேன், "எனக்குக் காட்டறயாக்கா?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வருஷத்தில் டாக்டரைத் தவிர ஒருத்தரும் பார்க்கிறேன் என்று கேட்டதில்லையாம். எழுந்துபோய்ச் சன்னல் கதவைத் திறந்து வைத்தாள், வெளிச்சத்துக்காக. என் முன்னால் வந்து உட்கார்ந்து ரவிக்கை ஊக்கை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். நான் பார்த்தேன்.